சிவப்பு யாருக்காக விழுகிறது

கொரோனா ஊரடங்குக்குப் பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) சைக்கிள் பெருகியது. 2021 ஜூலையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே மாமல்லபுரம் வரை மிதித்துப் போனார். ஞாயிறு விடியலில் ஈ.சி.ஆர். என்றால் கியர் சைக்கிள் கூட்டம் என்றாகிவிட்டது. கூடவே ஒரு வாதமும் பெருகியிருக்கிறது. சைக்கிள்காரர் சிவப்பு விளக்குக்கு நிற்க வேண்டியதில்லை, பார்த்துப் போனால் போதும்; அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1982 முதல் சட்டமே அப்படி; பாரிஸிலும் அனுமதி உண்டு; நம் மோட்டார் வாகனச் சட்டம் சைக்கிளைத் தொடுவதே இல்லை என்கிறார்கள். சாலையில் சைக்கிளுக்கு இடம் கேட்டுப் போராடுகிறவர்களே இதைச் சொல்கிறார்கள் என்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது. இந்த வாதம் தவறு.

அதில் நியாயம் துளியும் இல்லை என்று சொல்லமாட்டேன். நின்றுபோன சைக்கிளை மறுபடி வேகத்துக்குக் கொண்டுவரும் பாடு மிதிப்பவருக்குத்தான் தெரியும். பச்சை விழுந்ததும் பின்னாலிருந்து பாயும் டிப்பர் லாரிக்குச் சில விநாடி முன்பே நகர்ந்துவிடுவது சில சந்திப்புகளில் உயிரைக் காக்கும். சிக்னலில் நிற்காத கார் செய்யும் கேட்டோடு பார்த்தால் சைக்கிளின் கேடு சிறியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 119ஆம் பிரிவு மோட்டார் வண்டி ஓட்டுபவரை மட்டுமே சொல்கிறது என்பதும் சரி. ஆனால் பொதுவழியில் பிறர் உயிருக்கு ஆபத்தாக வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவில் சைக்கிளுக்கு விலக்கு கிடையாது.

ஐடஹோவை மேற்கோள் காட்டுபவர்கள் அந்தச் சட்டத்தை முழுக்கப் படிக்க வேண்டும். சிவப்பு விழுந்தால் சைக்கிள் அங்கேயும் முதலில் நிற்க வேண்டும். நின்று, மற்ற எல்லோருக்கும் வழிவிட்டு, அதன் பிறகே நேராகப் போகலாம். டெலவேர் மாநிலம் 2017இல் கொண்டுவந்த சலுகை 'நில்' பலகைக்குத்தான், அதுவும் இரண்டு தடத்துக்கு மேற்படாத சாலைகளில்தான். பாரிஸில் இன்ன சந்திப்பில், இன்ன திசையில் போகலாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள், நடப்பவருக்கே முன்னுரிமை. நான்கு தடச் சாலையில் முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் சிவப்பைக் கடந்து போக இவற்றில் எதுவும் இடம் தரவில்லை.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. இந்த வாதத்தில் சைக்கிள் இருக்கிறது, கார் இருக்கிறது, நடப்பவர் இல்லை.

நெம்மேலியை எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் குப்பம், மேற்கே ஊர், நடுவே ஈ.சி.ஆர். திருப்போரூர்ச் சாலை வந்து சேருவதும் இங்கேதான். குப்பத்திலிருந்து மீன் கூடையோடு கிளம்பும் பெண்ணும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு ஷிஃப்ட் மாறப் போகும் தொழிலாளியும், மாமல்லபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பிள்ளையும் இந்தச் சாலையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். இவர்களைப் போன்றவர்கள் ஈ.சி.ஆர். நெடுக இருக்கிறார்கள். நடைமேம்பாலம் எல்லா ஊருக்கும் வாய்க்காது. வண்டிகளுக்குச் சிவப்பு விழும் அந்த அரை நிமிடம்தான் அவர்களுக்குச் சாலை. மற்ற நேரமெல்லாம் அது காரின் சாலை.

அந்தப் பெண் எப்படிக் கடக்கிறார் என்று கவனியுங்கள். தலையில் பாரம், கழுத்தைச் சட்டென்று திருப்ப முடியாது. காதை நம்பித்தான் காலை எடுத்து வைக்கிறார். பஸ் உறுமும், பைக் இரையும். சைக்கிள் சத்தமே போடாது. தூரத்தில் ஒரு வெள்ளை விளக்கு மினுக்கினாலும், சைக்கிள் என்றால் மெதுவாக வரும் என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கக் கண்டது. ஏழு மீட்டர் அகலமுள்ள இரண்டு தடத்தைப் பாரத்தோடு கடக்க அவருக்கு ஏழு விநாடியாவது ஆகும். முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் வரும் சைக்கிள் அதற்குள் அறுபத்தெட்டு மீட்டர் வந்துவிடும். அவர் அடியெடுத்து வைத்தபோது தொலைவில் இருந்த வண்டி, நடுச்சாலையில் அவர் மேல் மோதும்.

பார்த்துத்தான் போகிறோம் என்கிறார்கள். யார் பார்க்கிறார்? கூட்டத்தில் முதலில் போகிறவர் பார்க்கிறார். காற்றைக் கிழிக்க ஒருவர் பின் ஒருவர் ஒட்டி மிதிக்கும்போது, பத்தாவது ஆளின் கண் முன்சக்கரத்துக்கு முன்னால் சுழலும் அடுத்தவர் சக்கரத்தில்தான் இருக்கும். முதல் ஆள் பார்த்தபோது காலியாக இருந்த சாலையில், பத்தாவது ஆள் வரும்போது ஒருவர் இறங்கியிருக்கலாம். ஐடஹோ சட்டம் தனித்தனி ஆளின் நிதானத்தை நம்பி எழுதப்பட்டது. அந்த நிதானம் கூட்டத்துக்கு இருக்காது.

உண்மைக் காரணம் வேறு என்றே நினைக்கிறேன். பெடலோடு பூட்டிய ஷூவைக் கழற்றிக் காலூன்ற மனமில்லை. சவாரியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் பந்தயப் பகுதிகளுக்கு நின்ற நேரமும் கணக்கில் ஏறும். ஒரு சிவப்பு ஒரு வார உழைப்பைக் கெடுத்துவிடும். அதற்கு ஐடஹோவைத் துணைக்கு இழுப்பது நேர்மையில்லை. 'சைக்கிள்காரர்' என்று பொதுவாகச் சொல்லி, கட்டட வேலைக்குப் பழைய சைக்கிளில் போகிறவரையும், அரசு கொடுத்த இலவச சைக்கிளில் பள்ளிக்குப் போகும் மாணவியையும் தங்கள் கட்சியில் சேர்ப்பது அதைவிட நேர்மையில்லை. அவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கிறார்கள். நடப்பவருக்காக விழும் சிவப்புதான் அவர்களுக்கும் பாதுகாப்பு.

சாலை விதி எங்களுக்கில்லை என்று சொல்பவர், சாலையும் உங்களுக்கில்லை என்ற பதிலைத் தானே வரவழைக்கிறார். கொல்கத்தாவில் போலீஸ் 2013இல் 174 சாலைகளில் சைக்கிளைத் தடை செய்தது, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று. மாறாக, சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டாரில்லாப் போக்குவரத்துக்கென்று கொள்கை வகுத்தபோது நடப்பவரையும் மிதிப்பவரையும் ஒரே பக்கத்தில்தான் வைத்தது. அந்தக் கூட்டணியை உடைக்கிற வாதம் இது.

சலுகை வேண்டுமென்றால் கேட்கலாம்: சந்திப்பில் சைக்கிள் முன்னே நிற்கத் தனிக் கட்டம், வண்டிகளுக்குச் சில விநாடி முன்பே சைக்கிளுக்குப் பச்சை, பாரிஸ்போல ஆராய்ந்து தேர்ந்த இடங்களில் பலகை. அவை வரும்வரை நிற்க வேண்டும், விடியல் ஐந்து மணிக்கும், சாலை காலியாகத் தெரிந்தாலும். ஹெல்மெட் இல்லாமல் வருபவரைச் சேர்க்காத சைக்கிள் குழுக்கள் இருக்கின்றன. சிவப்பில் போனவர் அடுத்த ஞாயிறு வர வேண்டாம் என்ற விதியையும் அவை எழுதிக்கொள்ளட்டும்.