வெற்றுச் சுவரை வாசித்தல்

ஒரு படைப்பில் இல்லாததற்கும் அர்த்தம் சொல்வது விமர்சனத்தின் வேலைகளில் ஒன்று. எழுதாமல் விட்டதையும் வெட்டி நீக்கியதையும் படைப்பாளியின் மௌனமாகவே வாசிக்கிறோம். அந்த மௌனம் அவனுடையதுதானா என்று கேட்பது குறைவு. ஜேர்மனியின் டிரெஸ்டன் நகர ஓவியக்கூடத்திலுள்ள ஓர் ஓவியம் அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிறது.

திறந்த ஜன்னலருகே நின்று கடிதம் வாசிக்கிறாள் ஒரு பெண். ஒல்லாந்து ஓவியர் வெர்மியர் 1657-59 அளவில் வரைந்தது. அவளுக்குப் பின்னால் வெறுஞ்சுவர். அந்த வெறுமையில் அவளது தனிமையைக் கண்டு வியந்தவர்கள் பலர். 1979இல் எடுக்கப்பட்ட எக்ஸ் கதிர்ப் படத்தில், சுவரின் நிறப்பூச்சுக்கடியில் ரோமரின் காதல் தெய்வமான கியூபிட்டின் பெரிய சித்திரம் தெரிந்தது. அப்போதும் வியப்புக் குறையவில்லை. 'காதல் கடிதம்' என்று உரத்துச் சொல்ல விரும்பாத கலைஞன் தானே அதை மறைத்தான் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது.

எக்ஸ் கதிர் பொய் சொல்லவில்லை. ஈயம் கலந்த வெள்ளைப் பூச்சு கதிரைத் தடுப்பதால் அந்த இடங்கள் வெளிறித் தெரிகின்றன. ஆனால் மேலும் கீழுமான படைகளெல்லாம் அதில் ஒரே தளத்தில் வந்து விழுகின்றன. மறைத்தது யார், எப்போது என்பதை அது சொல்லாது. இதே ஓவியத்தின் வலப்புறப் பச்சைத் திரைக்கடியில் ஒரு பெரிய கண்ணாடிக் கோப்பை இருக்கிறது. அதை மறைத்தவர் வெர்மியரே. அந்த உண்மை கியூபிட் பற்றிய தவறான முடிவுக்கும் தோள் கொடுத்தது.

2017இல் தொடங்கிய புனரமைப்பின்போது, சுவர்ப் பகுதியின் பூச்சு ஏனைய பகுதிகளைப்போலக் கரையவில்லை. நுண்ணிய மாதிரிகளைச் சோதித்தபோது, கியூபிட்டுக்கும் மேற்பூச்சுக்கும் இடையே அழுக்குப் படை இருந்தது. அது சேரப் பல தசாப்தங்கள் வேண்டும். வெர்மியரோ 1675இல் இறந்துவிட்டார். ஆக, மறைத்தது வேறொரு கை. 2019இல் இது அறிவிக்கப்பட்டது. நுணுக்குக்காட்டியின் கீழ், சத்திரசிகிச்சைக் கத்தியால் மேற்பூச்சைச் சுரண்டி எடுத்து, 2021இல் கியூபிட்டோடு ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார்கள். முகமூடிகளை மிதித்து நிற்கிறான் கியூபிட்: வஞ்சகத்தை வெல்லும் காதல்.

பழைய வெறுஞ்சுவரே அழகு என்பவர்கள் இன்றும் உண்டு. அந்த ரசனையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த அழகை வெர்மியரின் கணக்கில் எழுத முடியாது. பதிப்பாசிரியர் வெட்டியதை ஆசிரியரின் சொற்சிக்கனம் என்று புகழும் ஆபத்து இலக்கிய விமர்சனத்துக்கும் உண்டு. மௌனத்துக்குப் பொருள் சொல்லுமுன், பிரதி யார் யார் கைகளைக் கடந்து வந்தது என்று பார்த்தாக வேண்டும்.