ஆணுடையில் ஓர் அரசு: ஞானாம்பாளும் பெண்கல்வியும்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) பெண்கல்விக்குக் குரல்கொடுத்த முன்னோடி என்பது விமர்சகர் பலரும் ஒப்புக்கொண்ட முடிபு. 'பெண்மதி மாலை' இயற்றியவர். 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்திற் கதாநாயகனிலும் கதாநாயகியை அறிவிற் சிறந்தவளாகப் படைத்தவர். இப்பாராட்டுத் தவறன்று. ஆயினும், கற்ற பெண் தன் கல்வியைக் கொண்டு யாது செய்யலாம் என்று வினவும்போதே அந்நாவலின் உண்மையான சிக்கல் புலப்படுகின்றது.

கணவனைத் தேடி ஆணுடையிற் செல்லும் ஞானாம்பாளுக்கு விக்கிரமபுரியில் யானை மாலை சூட்ட, அவள் அரசனாகின்றாள். செங்கோல் வழுவாது ஆள்கின்றாள். பெண்ணுக்கு ஆளும் திறன் உண்டென்பதை ஆசிரியர் ஐயத்துக்கிடமின்றி நிறுவுகின்றார். ஆனால், அத்திறன் வெளிப்படுதற்கு ஆண்வேடம் இன்றியமையாததாகின்றது. ஈற்றில், அரசுரிமையுடைய ஆனந்தவல்லியிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு அவள் இல்லறத்துக்கு மீள்கின்றாள். ஆனந்தவல்லியும் பெண்ணன்றோ எனலாம். உண்மையே; ஆயினும் அவளுக்கு அரியணை கிட்டுவது பிறப்பினாலன்றிக் கல்வியினால் அன்று. பிறப்புத் திறந்த கதவைக் கல்வி திறக்கவில்லை.

இதனை ஆசிரியரின் தனிப்பட்ட குறையெனக் கொள்ளல் பொருந்தாது. அவர் வகித்த முன்சீப் பதவி போன்ற உத்தியோகங்கள் அக்காலப் பெண்களுக்கு முற்றாக மூடப்பட்டிருந்தன. நீதி வழங்கும் பொறுப்பைத் தம் கதாநாயகிக்கு அளிக்கப் புகுந்த அந்நீதிபதிக்கு வேடமன்றி வேறு வழியில்லை.

ஈழத்து நிலையும் இதனோடு ஒப்புநோக்கற்பாலது. 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினர். வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற இளைஞர்க்கேற்ற கிறிஸ்தவ மனைவியரை உருவாக்குதல் அதன் நோக்கங்களுள் ஒன்று. அங்குக் கற்றவருட் சிலர் ஆசிரியைகளாயினர். செமினரியிற் கற்ற ஆடவர்க்கோ அரசாங்க உத்தியோகம், சட்டத்தொழில், பத்திரிகைத்துறை எனப் பாதைகள் பல விரிந்தன. கல்வி இருபாலார்க்கும் வந்தது. அதன் பயன் ஒருபாலார்க்கே பெரிதும் வாய்த்தது.

எனவே, இந்நாவலைப் பெண்ணுயர்வின் முழக்கமாக மட்டும் வாசித்தல் அதனைக் குறுக்குவதாகும். கல்வியை அளித்துத் தொழிலை மறுத்த ஒரு நூற்றாண்டின் முரண்பாட்டினை அது தன்னையறியாமலே பதிவுசெய்துள்ளது. அதன் வரலாற்றுப் பெறுமதி இதிலேயே தங்கியுள்ளது. விரிவுரை மண்டபங்களிற் பெண்கள் நிறைந்திருக்கும் இந்நாளிலும், பட்டத்தின் பின் யாது என்னும் வினா நம்மை விட்டு அகலவில்லை. ஞானாம்பாளின் அறிவைப் புகழ்வதோடு அமையாது, அவள் ஏன் அவ்வேடம் பூண நேர்ந்தது என்பதையும் நாம் வினவுதல் வேண்டும்.