மாடியறைப் பாட்டு

நாடோடிப் பாடல் செத்துக்கொண்டிருக்கிறது என்று எழுதுவது ஒரு பழைய வழக்கம். இங்கிலாந்தில் நூறு வருஷங்களுக்கும் மேலாக அப்படி எழுதி வருகிறார்கள். இப்போது, அந்தப் பாடல்களைப் பாடும் கிளப்புகளும் சாகின்றன என்கிறார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்.

1903-இல் ஸெஸில் ஷார்ப் என்ற சங்கீத ஆசிரியர் ஸாமர்ஸெட் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பாதிரியார் வீட்டுத் தோட்டக்காரர் ஜான் இங்கிலாண்டு பாடியதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கிழவர்களோடு பாட்டும் போய்விடுமே என்ற பதைப்பில் பிறகு ஊர் ஊராக அலைந்து ஆயிரக்கணக்கான பாடல்களைத் திரட்டினார். பெரிய காரியம்தான். ஆனால் அச்சேற்றும்போது பியானோ இசை சேர்த்தார். நாகரிகத்துக்கு ஒவ்வாத வரிகளை மாற்றினார். பாட்டு பிழைத்தது. பாடியவன்தான் கேட்கிறவனாகிவிட்டான்.

அவனுக்கு வாயைத் திருப்பிக் கொடுத்தவை 1950-களின் கடைசியிலிருந்து முளைத்த கிளப்புகள். மதுக்கடை மாடியில் ஓர் அறை, வாரத்தில் ஓர் இரவு, கொஞ்சம் நாற்காலிகள். நம் சபாக் கச்சேரி போல் அல்ல. விருந்தாளிப் பாடகர் வருமுன், கூட்டத்திலிருந்து யார் வேண்டுமானாலும் எழுந்து பாடலாம். இவான் மக்கால் போன்றவர்கள், அவரவர் தம் சொந்த மொழிப் பாடல்களையே பாட வேண்டும் என்று லண்டன் கிளப்பில் விதி செய்தார்கள். ஸ்காத்லாந்துப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்து, ஜேம்ஸ் மில்லர் என்ற பெயரை மாற்றிக்கொண்டவர் அவர்! விதி கடுமைதான். ஆயினும் அமெரிக்கப் பாட்டைக் காப்பியடித்த இளைஞர்களைத் தம் பாட்டனின் பாட்டைத் தேட வைத்தது அதுவே.

அந்த இளைஞர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. 2020-இன் தொற்றுக் காலத்தில் அறைகள் பூட்டிக் கிடந்தன, சில திறக்கவேயில்லை. மதுக்கடைகளும் மூடிக்கொண்டே வருகின்றன. ஆனால் பாட்டுக்குப் பஞ்சமில்லை. கோடை விழாக்களில் இளைஞர்கள் மிக நேர்த்தியாகப் பாடுகிறார்கள். ஷார்ப்பின் கையெழுத்துக் குறிப்புகளை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

அப்படியானால் நஷ்டம் எது?

சில வருஷங்களுக்கு முன் இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் அப்படிப்பட்ட மாடியறையில் ஓர் இரவு உட்கார்ந்திருந்தேன். இருபது பேர் இருக்கும். ஒரு முதியவர் எழுந்து கண்ணை மூடிக்கொண்டு கப்பல் பாட்டு ஒன்றைப் பாடினார். சுமாரான குரல், சுருதியும் நழுவியது. மூன்றாம் அடியில் வார்த்தை மறந்து நின்றுவிட்டார். யாரும் சிரிக்கவில்லை, கைதட்டித் தேற்றவும் இல்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் அந்த அடியை மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். அறை முழுவதும் சேர்ந்துகொண்டது. வார்த்தை தெரியாத நானும் பல்லவிக்கு வாய் திறந்தேன்.

நேர்த்தியான மேடையில் இது நடக்காது. அங்கே மறப்பது குற்றம்; இங்கே அது மற்றவர்கள் நுழைய ஒரு வாசல். ஏட்டிலும் இசைத்தட்டிலும் பாட்டைக் காப்பாற்றிவிடலாம். சுமாராகப் பாடும் உரிமையைக் காப்பாற்ற ஓர் அறையும் இருபது மனிதர்களும் வேண்டும். இந்தக் கிளப்புகள் மூடினால் இங்கிலாந்துக்குப் பாடகர்கள் குறைய மாட்டார்கள். பாடுகிறவர்கள் குறைவார்கள்.