கம்பெனி ஏய்ச்சுக்கு வெளியே

சாம் வாட்கின்ஸின் ‘கம்பெனி ஏய்ச்’ நூலை யார் கேட்டாலும் படிக்கச் சொல்வேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையில் இருந்த ஒரு சாதாரணச் சிப்பாயின் நினைவுக்குறிப்பு. ஆள் டென்னசி மாநிலத்து மோரி கவுண்டிக்காரர். (கவுண்டி என்றால் மாநிலத்துக்குள் ஒரு சின்ன மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) 1881-82இல் அங்குள்ள கொலம்பியா நகரத்துப் பத்திரிகையில் தொடராக வந்து பிறகு நூலானது. 120 பேரோடு கிளம்பிய கம்பெனியில் கடைசியில் மிஞ்சியது ஏழு பேர். அதைச் சொல்கிற மனுஷன்தான் முகாமில் பேன் பந்தயம் நடந்த கதையையும் சொல்கிறார். ஒருத்தனின் பேன் மட்டும் எப்போதும் ஜெயிக்கும். அவன் தன் தட்டைச் சூடாக்கி வைத்திருந்தான் என்பது பிறகுதான் தெரியவரும். தளபதிகள் எழுதிய எந்தப் புத்தகத்திலும் இது வராது.

ஆனால் 1860இல் மோரி கவுண்டியின் மக்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் அடிமைகள். வாட்கின்ஸின் பக்கங்களில் அவர்கள் பெரும்பாலும் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். போரின் நடுவே அவர்களில் பலர் வடக்கின் படையில் சேர்ந்தார்கள். நாடு முழுக்க அப்படிச் சேர்ந்த கறுப்பின வீரர்கள் சுமார் 1,80,000 பேர், டென்னசியில் மட்டும் ஏறக்குறைய 20,000. அவர்களில் பெரும்பாலானோருக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. அவர்கள் ‘கம்பெனி ஏய்ச்’ எழுதவில்லை.

அப்புறம் எங்கே பேசினார்கள்? பென்ஷன் கட்டுகளில். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் அந்தக் கட்டுகளை நான் இலக்கியமாகவே வாசிக்கச் சொல்வேன். கணவன் செத்துப்போன ஒரு பெண், பென்ஷனுக்கு, தான் அவன் மனைவிதான் என்று நிரூபிக்க வேண்டும். அடிமைகளின் திருமணத்தைச் சட்டமோ ஏற்றதில்லை, சான்றிதழுக்கு எங்கே போவது? சந்தேகம் வந்தால் ஒரு சிறப்பு விசாரணை அதிகாரி ஊருக்கே வருவார். பக்கத்துக் குடிசைக்காரி, கூடச் சண்டை போட்டவன், பிள்ளை பிறந்த அன்று கூட இருந்த மருத்துவச்சி, சில சமயம் பழைய எஜமானே சாட்சி சொல்வார்கள். ஒரு கல்யாணத்தைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகச் சொல்வது அரசாங்கத் தாளில் பதிவாகும்.

அந்தக் குரல் சுத்தமானது இல்லை, அதையும் சொல்லணும். பேசியது அவள், எழுதியது அதிகாரி. அவர் கேட்ட கேள்வியே பெரும்பாலும் தாளில் இருக்காது, பதில் மட்டும் தன்மை ஒருமையில் ஓடும். கீழே கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி. பணம் வேண்டும் என்பதால் கதையை அவள் கொஞ்சம் வளைத்திருக்கலாம். வளைக்கட்டுமே! பேன் கதையை வாட்கின்ஸ் ஊர்க்காரர்கள் சிரிக்கத்தானே எழுதினார்? அவருக்கு நாம் தரும் சலுகையை இவளுக்கு ஏன் தரக் கூடாது?

கேள்வியே வாயை அடைத்த இடமும் உண்டு. 1914-15இலும் 1922இலும் டென்னசி அரசு உயிரோடிருந்த போர்வீரர்களுக்கு வினாப்படிவம் அனுப்பியது. 1,600க்கு மேல் பதில்கள் வந்தன. வீட்டில் எத்தனை அறை, சின்ன வயசில் என்ன வேலை என்றெல்லாம் கேட்ட அருமையான படிவம் அது. நீங்களோ பெற்றோரோ அடிமைகள் வைத்திருந்தீர்களா, எத்தனை பேர் என்றும் கேட்கிறது. நீங்கள் அடிமையாக இருந்தீர்களா என்று கேட்கவில்லை.

அந்தப் பதில்கள் 1985இல் ஐந்து தொகுதிகளாக அச்சாகிவிட்டன. வாட்கின்ஸ் எந்தக் கடையிலும் கிடைப்பார். பென்ஷன் கட்டுகளின் கதை வேறு. அவற்றின் அட்டவணை அட்டைகள் இணையத்தில் இருக்கின்றன. பெயர், ரெஜிமென்ட், விண்ணப்ப எண், தேதி, அவ்வளவுதான். கட்டுகளில் பெரும்பகுதி இன்னும் படம் பிடிக்கப்படவே இல்லை. அட்டையைச் சேமித்துவிட்டு வரலாற்றைச் சேமித்ததாக நிம்மதியடைவது எனக்கு எரிச்சல் தருகிறது. மருத்துவச்சி அந்த அட்டையில் இல்லை.

மோரி கவுண்டியின் போர் நினைவுச்சின்னத்தில், வடக்கின் படையில் இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட கறுப்பின வீரர்களின் பெயர்கள் 2013இல்தான் சேர்ந்தன. நல்ல காரியம். ஆனால் அந்தக் காலத்தில் எஜமானின் குடும்பப் பெயரில் படையில் பதிந்து, பிறகு தகப்பன் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். கல்லில் இருப்பது இதில் எந்தப் பெயர் என்று பார்க்க வேண்டுமானால் கட்டைத்தான் அவிழ்க்கணும்.