பச்சைக்கு வெளியே இருப்பது

கோல்ஃப் பயணக் கட்டுரை என்று ஓர் எழுத்து வகை உண்டு. விமான இருக்கைப் பைகளிலும் விடுதி அறைகளின் மேசையிலும் கிடக்கும் வழவழப்பான இதழ்களில் அதைப் படிக்கலாம். பாலைவன மைதானத்தைப் பற்றியது என்றால் அதன் போக்கு அநேகமாக ஒன்றேதான்: விடியல், செந்நிற மலை, ஆளரவமற்ற மணல், நடுவே மரகதப் பச்சை, அந்தப் பச்சையில் மட்டையோடு தனியாக நிற்கும் ஓர் ஆண். பெண்ணுடலை வருணிக்கும் சொற்களை எடுத்து மலைக்கும் மணலுக்கும் போர்த்துவது அதன் வழக்கம். கன்னி நிலம், மயக்கும் வளைவு என்றெல்லாம் வரும். அவன் வந்து பார்ப்பதற்காகவே அந்த நிலம் அதுவரை காத்துக் கிடந்ததாகத் தோன்றும். இந்த மொழியை நாம் வேறு இடங்களிலும் நன்றாக அறிவோம். அதை இங்கே இரண்டு பெண்களின் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்கிறேன். இருவருமே அந்தப் பாலை நிலத்தின் பழங்குடிப் பெண்கள்.

இடம், தெற்குக் கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கு. நூற்றுக்கும் மேற்பட்ட கோல்ஃப் மைதானங்கள் அங்கே இருக்கின்றன. ஆண்டு மழை சுமார் ஐந்து அங்குலம். பள்ளத்தாக்கின் மேற்கு மூலையில் பாம் ஸ்பிரிங்ஸ் நகரம். அதன் தலைக்கு மேல் பத்தாயிரம் அடிக்கும் அதிகமான உயரத்தில் சான் ஹசின்டோ சிகரம் நிற்கிறது. அடிவாரத்தில் இருக்கும் இண்டியன் கேன்யன்ஸ் மைதானம் அகுவா கலியெந்தே கவீயா பழங்குடிக்குச் சொந்தமானது. ஒரு மார்ச் மாதக் காலையில், அப்பகுதியில் வசிக்கும் என் முன்னாள் மாணவியோடு அதன் தெற்கு ஆட்டக்களத்தின் பதினெட்டுக் குழிகளையும் சுற்றி வந்தேன். ஆடினேன் என்பதைவிட, இரவல் மட்டைகளோடு அவள் பின்னால் போனேன் என்பதே சரி. உச்சியில் பனி, கீழே வெயில், காலடியில் ஈரப் புல். அழகுதான், மறுக்கவில்லை. அந்த அழகு எப்படிச் செய்யப்படுகிறது என்பதே என் கேள்வி.

புல்லிலிருந்தே தொடங்கலாம். அங்கே கோடையைத் தாங்குவது பெர்முடா புல். குளிர் வந்தால் அது பழுப்பேறி உறங்கிவிடும். பயணிகள் வருவதோ குளிர்காலத்தில். எனவே ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மைதானத்தைச் சில வாரங்கள் மூடி, பெர்முடாவை ஒட்ட வெட்டி, அதன்மேல் ரை புல்லின் விதையைத் தூவி, நீர் பாய்ச்சிப் புதிய பச்சையை எழுப்புகிறார்கள். என்றும் இருப்பதுபோல் தெரியும் அந்தப் பச்சை, பருவத்துக்குப் பருவம் பூசப்படும் ஒப்பனை. பக்கத்து மாநிலமான அரிசோனாவில் கதை வேறு. அங்கே 1980ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டத்தைத் தொடர்ந்து புல் பரப்புக்கு வரம்பு வந்தது. கள்ளிக் காட்டுக்குள் தீவுகளைப்போல் பச்சைத் திட்டுகள் மிதக்கும் பாணி அங்கே வலுப்பட்டதற்கு அந்த வரம்பு முக்கியமான காரணம். இதழ்கள் அதை வடிவமைப்பாளரின் கவிதை என்று கொண்டாடுகின்றன. பாதியை எழுதியது நீர்ச் சட்டம்.

ஆட்டத்தைத் தொடங்கும் இடத்துக்கு ‘டீ’ என்று பெயர். ஒவ்வொரு குழிக்கும் தொலைவைப் பொறுத்து வெவ்வேறு நிறங்களில் பல டீக்கள் இருக்கும். மிக அருகில் இருப்பதை வெகுகாலம் ‘பெண்கள் டீ’ என்றார்கள். இப்போது ‘முன் டீ’ என்கிறார்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது என்பது ஆடிப் பார்த்தால் தெரியும். பெரும்பாலும் காட்சி கடைசி டீயில் நிற்பவரின் கண்ணை நினைத்தே அமைக்கப்படுகிறது. முன் டீ, பின்னால் ஒட்டவைத்த திண்ணைபோல் இருக்கும். இந்தக் களத்தில் எனக்கு அந்த உணர்வு வரவில்லை. 2004இல் இதைத் திருத்தி அமைத்தபோது வடிவமைப்பாளர் கேசி ஓ’கேலகனுடன் பணியாற்றியவர் ஆட்டக்காரர் ஏமி ஆல்காட். 1988இல் அருகிலுள்ள ராஞ்சோ மிராஜில் டைனா ஷோர் போட்டியை வென்றதும் பதினெட்டாம் குழியருகே இருந்த குளத்தில் குதித்தவர். அன்றைய விளையாட்டுத்தனம் பின்னாளில் அந்தப் போட்டியின் சடங்கானது. 1972இல் கோல்கேட் நிறுவனத்தின் பணத்தில் பாடகி டைனா ஷோரின் பெயரால் தொடங்கிய போட்டி அது. வீராங்கனைகளைச் சோப்பு விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது நிறுவனம். ஆனால் அந்த வாரத்தை மற்றப் பெண்கள் தங்களுக்கென எடுத்துக்கொண்டார்கள். அதையொட்டி ஒருபாலீர்ப்புப் பெண்கள் ஆண்டுதோறும் பாம் ஸ்பிரிங்ஸில் கூடினார்கள். 2022க்குப் பிறகு போட்டி டெக்சாஸுக்குப் போய்விட்டது.

களத்தின் ஓரத்தில் என் பந்து இரண்டு முறை மணலுக்குள் போனது. இப்படிப் புல் வைக்காமல் விட்ட மணற்பகுதியை கோல்ஃப் பேச்சில் ‘வேஸ்ட் ஏரியா’ என்பார்கள். விதிப்புத்தகம் வரையறுத்த சொல் அல்ல. ஆடுபவர்களும் எழுதுபவர்களும் பழக்கத்தில் கொண்டுவந்தது. பாழ். எதற்குப் பாழ், யாருக்குப் பாழ் என்று யாரும் கேட்பதில்லை.

கேத்ரின் சிவா சாபெல் 1972இல் மானுடவியலாளர் லோவல் பீனுடன் சேர்ந்து ‘தெமல்பக்’ என்ற நூலை வெளியிட்டார். கவீயா மொழியில் அதற்கு ‘மண்ணிலிருந்து’ என்று பொருள். சாபெலின் தாய் மூலிகை அறிந்த வைத்தியப் பெண். தாயிடமும் மூத்தவர்களிடமும் கேட்டறிந்ததைக் கொண்டு, இந்தப் பாலையின் செடிகொடிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, எது உணவு, எது மருந்து, எது கூரை, எது கூடைக்கு நார் என்று அந்நூல் பதிவுசெய்கிறது. விசிறிப் பனையின் ஓலை கூரைக்கு, பழம் வாய்க்கு. மெஸ்கீட் மரத்தின் நெற்றைப் பெண்கள் உரலில் இடித்து மாவாக்கினார்கள். நம் ஊர்ச் சீமைக்கருவேலத்துக்கு அது உறவு. ராமநாதபுரத்துக்காரர்கள் கேட்டால் சிரிக்கக்கூடும். இந்த நூலைப் படித்த கண்ணுக்கு, என் பந்து விழுந்த இடத்தில் பாழ் என்று சொல்ல எதுவும் இல்லை. அந்தக் களத்தில் அப்படிப் பார்த்தால், சாப்பிட ஒன்றும் தராத இடம் புல்தரைதான்.

தமிழ் படித்தவளுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வந்தே தீரும். நம் மரபும் பாலையைத் தனக்கென இயல்புள்ள நிலமாக ஏற்றதில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு கெட்டு எடுக்கும் வடிவமே பாலை என்கிறது சிலப்பதிகாரம். அதாவது, கெட்டுப்போன வேறொரு நிலம். அந்த வெளியைக் கடப்பவன் பொருள் தேடிப் போகும் ஆண். உடன்போக்கில் ஒழிய, தலைவிக்கு அது கேள்விப்பட்டு அஞ்சும் இடம் மட்டுமே. பாலையில் குடியிருந்து, விதை பொறுக்கி, கூடை முடையும் பெண்ணை நம் அகத்திணை கற்பனை செய்யவில்லை. எயினர் பெண்கள் வருகிறார்கள், ஆனால் ஓரத்தில். சாபெலின் நூலைப் பாடத்திட்டத்தில் தொல்காப்பியத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

இரண்டாவது புத்தகம் இவ்வளவு இதமானதல்ல. தலைப்பே அறைகிறது: ‘மண்ணைத் தின்ன முடியாது’. எழுதியவர் வயோலா ஆர்ட்னர், டயனா டு பான்டுடன் சேர்ந்து. 1950களின் நடுவில் அகுவா கலியெந்தே பழங்குடியின் ஆட்சி மன்றத்துக்குத் தலைமை தாங்கியவர் ஆர்ட்னர். உறுப்பினர் அனைவரும் பெண்களாகவே இருந்த, அமெரிக்காவின் முதல் பழங்குடி மன்றம் அது. அன்று அந்தச் சமூகத்தில் வயது வந்தோர் சிலரே, அவர்களிலும் பெண்களே அதிகம். நகரத்தின் நடுவிலேயே அவர்களுக்கு நிலம் இருந்தது. நிலத்தைச் சதுர மைல்களாக அறுத்து ஒன்றைவிட்டு ஒன்று ரயில் நிறுவனத்துக்கும் பழங்குடிக்கும் என்று அரசு பிரித்திருந்ததால், வரைபடத்தில் அது சதுரங்கப் பலகைபோல் தெரியும். இருந்தும் கையில் காசில்லை. குறுகிய காலக் குத்தகைக்குத்தான் சட்டம் அனுமதித்தது. அதை நம்பி எந்த வங்கியும் கடன் தராது. மன்றத்துப் பெண்கள் வாஷிங்டன்வரை போய் வாதாடினார்கள். 1959இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு வழி திறந்தது. அடுத்தடுத்து அந்த நிலங்களில் விடுதிகளும் வீடுகளும் கோல்ஃப் மைதானங்களும் எழுந்தன.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிவிட எனக்கு மனமில்லை. அதே காலத்தில், பழங்குடியினருக்குச் சொத்தை ஆளத் தெரியாது என்று முடிவுகட்டிய நீதிமன்றம் அவர்களுக்குப் பாதுகாவலர்களை நியமித்தது. குத்தகை பேசிவந்த பெண்களின் சமூகத்தில் சொத்துக்குக் கையெழுத்துப் போட வெளியார் வந்தார்கள். பாதுகாப்புக் கட்டணம் என்று அவர்கள் சுருட்டியதை அம்பலப்படுத்திய செய்திகளுக்கு, 1968இல் ரிவர்சைடு நாளிதழ் ஒன்று புலிட்சர் விருது பெற்றது. நகர நடுவில் ‘செக்‌ஷன் 14’ எனப்பட்ட பழங்குடி நிலத்தில் வாடகைக்குக் குடியிருந்த கறுப்பின, மெக்சிகோ வழிக் குடும்பங்களின் வீடுகள் இடித்தும் எரித்தும் அகற்றப்பட்டன. விடுதிகளில் துணி துவைத்தவர்களும் வீட்டு வேலை செய்த பெண்களும் அவர்களில் இருந்தார்கள். அழகான நகரத்துக்கு அவர்களின் உழைப்பு வேண்டும், குடிசை வேண்டாம். அவர்களுக்காக நகராட்சி 59 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது 2024இல். ஆர்ட்னரின் தலைப்பை நான் மதிக்கிறேன். பட்டினியோடு இருப்பவளிடம் போய் நிலத்தின் புனிதத்தைப் பேசுவது எளிது, அதைச் சொல்பவர் பெரும்பாலும் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார். ஆனால் தின்ன முடிகிற மண் ஒன்று அங்கே இருந்தது என்று சாபெல் காட்டுகிறார். இரண்டு பெண்களும் சொல்வது உண்மை. எந்தக் காரணத்தால் முதல் புத்தகத்தின் வாழ்க்கை போய் இரண்டாவதன் வாழ்க்கை வந்தது என்பதையே பயணக் கட்டுரை சொல்லாமல் தாண்டிப் போகிறது.

பின்னாளில் அந்தப் பழங்குடி தொடுத்த வழக்கு நீரைப் பற்றியது. 2013இல் பள்ளத்தாக்கின் இரண்டு நீர் வாரியங்கள்மீது வழக்குத் தொடுத்தார்கள். நிலத்தடி நீர் குறைவதும், அதை நிரப்பக் கொண்டுவரும் கொலராடோ ஆற்று நீரின் தரமும் அவர்களின் முறையீடு. நிலத்தடி நீரில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. புல்லும் அந்த நீரில்தான் வாழ்கிறது; மைதானமும் அவர்களுடையதுதான்.