பத்திரத்தின் பின்பக்கம்

960 மார்ச். தென் இத்தாலியில் கபுவா நகரம். நீதிபதி அரேகீசி முன் ஒரு நில வழக்கு. நிலம் தன்னுடையது என்கிறார் அக்வினோவின் ரொடெல்கிரீமோ. 30 ஆண்டு அனுபோகம் எங்களுக்கு என்கிறது மான்டே கசினோ மடம். சாட்சிகள் தனித்தனியே வருகிறார்கள். எல்லை குறித்த சீட்டை ஒரு கையில் பிடித்து, மறு கையால் தொட்டு, மூவரும் ஒரே வாசகத்தைச் சொல்கிறார்கள். நீதிமன்ற ஆவணம் முழுக்க லத்தீன். அந்த வாசகம் மட்டும் ஊர்ப்பேச்சு.

இத்தாலிய மொழியின் பிறப்புச் சான்றிதழ் என்று இதைக் கொண்டாடுவார்கள். எனக்கு அவ்வளவு உற்சாகமில்லை. சாட்சிகளில் இருவர் துறவிகள், ஒருவர் பத்திரம் எழுதுபவர். லத்தீன் தெரியாதவர்களா? கூடியிருந்தவர்களுக்குப் புரியவேண்டும் என்றே, முன்கூட்டி வடித்த வாசகம் அது. 'கெல்லே தெர்ரே', அந்த நிலங்கள், என்பது பேச்சு. அதே மூச்சில் வரும் 'சாங்டி பெனெடிக்டி' பழைய லத்தீன் வேற்றுமை.

லத்தீனுக்குள் இப்படிப் பேச்சு நுழைவது முன்பும் உண்டு. 'ரெக்னி'யை (அரசின்) 'ரிக்னி' என்றெழுதிய, பிராங்க் நாட்டு மெரோவிங்கிய அரசமரபுக் கால எழுத்தர்களை அரைகுறைகள் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. லத்தீன் பேசுவது எப்போது நின்றது என்று 1931இல் வரலாற்றாசிரியர் பெர்டினான் லோ கேட்டார். 1982இல் மொழியியலாளர் ரோஜர் ரைட் கேள்வியையே புரட்டிப் போட்டார்: இரண்டு மொழி இருக்கவே இல்லை; பழைய எழுத்துக்கூட்டில் எழுதி, தம் பேச்சு வழக்கில் வாசித்தார்கள்; அடுத்து வந்த கரோலிங்கியர் காலத்து லத்தீன் சீர்திருத்தம் எழுத்தெழுத்தாக உச்சரிக்கச் சொன்ன பிறகுதான் பிளவு. இன்னொரு மொழியியலாளர் மிஷேல் பன்யார் கேட்டது வேறு: உரக்க வாசித்தால் எதுவரை மக்களுக்கு விளங்கியது? பத்திரம் வாசித்துக் காட்டப்படும் பொருள். ஆகவே நான் அவர் பக்கம்.

பத்திரத்தில் பேச்சு எங்கே தெரிகிறது என்று பார்க்க அளவுகோல் ஒன்றை மொழியியலாளர் பிரான்செஸ்கோ சபதீனி தந்தார்: பத்திரத்தைப் பிரித்துப் படி. முகப்பும், மீறுவோர் மீதான சாபமும் மார்குல்பின் தொகுப்பு போன்ற மாதிரிகளைப் பார்த்து எழுதியவை. நாலெல்லைக்கும் பொருட்பட்டியலுக்கும் மாதிரி கிடையாது; அங்கேதான் எழுத்தரின் வாய்மொழி நழுவி விழும். வேற்றுமை உருபு போய் 'தே' என்ற முன்னிடைச்சொல் வருவதும், சுட்டுச்சொற்களான 'இல்லே'யும் 'இப்சே'யும் பெயருக்கு முன் வந்து நிற்பதும் அங்கே.

பட்டியலுக்கு ஒரு எடுத்துக்காட்டு. ஸ்பெயினின் லெயோன் பகுதியில் 959ஆம் ஆண்டுத் தானப் பத்திரம் ஒன்று இருக்கிறது. முன்பக்கம் ஒழுங்கான லத்தீன். சில ஆண்டு கழித்து, பின்பக்கத்தில் ஒரு மடத்துக்காரர் கணக்கு எழுதியிருக்கிறார்: சகோதரர் செமேனோ செலவழித்த பாலாடைக்கட்டிகள். திராட்சைத் தோட்ட வேலைக்கு ஐந்து. தோட்டத்தைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால், 'இல்லே'யிலிருந்து வந்த 'இலோ' என்று ஒரு சொல். லத்தீனில் அதற்கு அங்கே வேலையே இல்லை.