வடுப்பட்ட காசைத் தேடிப் பாருங்கள்

ரோமப் பொற்காசுகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டி முன் நின்றதும் கண் பளபளப்பான காசுக்குத்தான் போகும். தேய்ந்ததையும் அடிபட்டதையும் தேடுங்கள் என்பேன் நான்.

எடையிலிருந்து தொடங்கலாம். ‘அவுரேயஸ்’ என்ற அந்தக் காசு, பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் எட்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. நம் கணக்கில் ஏறத்தாழ ஒரு சவரன், அதுவும் மாற்றுக் குறையாத பொன். அகலம் நம் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டித்தான். ஒரு பொற்காசுக்கு 25 வெள்ளிக்காசு. கி.பி. 64 வாக்கில் நீரோ எடையைக் குறைத்துவிட்டார்.

அடுத்து விளிம்பைப் பாருங்கள். முழு வட்டமாக இருக்காது. இரண்டு அச்சுகளுக்கு நடுவே பொன் வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்த காசு இது. அடி சற்று விலகினால் எழுத்துகள் விளிம்போடு போய்விடும். அதனால் ஒரே அச்சில் பிறந்த இரண்டு காசுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

அரிய காசு என்றால் எல்லோரும் சொல்வது புரூட்டஸ் வெளியிட்டதை. ஒரு பக்கம் அவர் தலை. மறுபக்கம் இரண்டு குறுவாள், நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லாய், கீழே சீசர் கொலையுண்ட மார்ச் நாளின் பெயர். கொலையைக் கொலைகாரரே பொன்னில் அடித்துப் புழக்கத்தில் விட்ட துணிச்சல்! பொன்னில் கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒன்று 2020இல் லண்டனில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. இன்னொன்றில் யாரோ ஓட்டை போட்டிருக்கிறார்கள். கோத்து அணிந்திருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது அந்த ஓட்டைக் காசுதான்.

அதைவிட நெருக்கமான வடு நம் ஊரில் இருக்கிறது. 1898இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைமேல் ஓர் உளிவெட்டு! தேய்ந்த காசு மறுபடி காசாகப் புழங்கக் கூடாதென்று இங்கேயே வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இந்தப் புதையல் காசு கண்ணில் பட்டால் அவசரப்படாதீர்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நகர்ந்து நின்று, தேய்ந்து மழுங்கிய கன்னத்தைப் பாருங்கள். அதன் குறுக்கே அந்த வெட்டு மட்டும் கூர்மையாக இருக்கும், ஏர் ஓடிய சால் போல.